தயாளினி திறக்காத லாப்டொப்

சுன்னாகம் சந்தைக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் ஓர் அச்சகம் இருக்கிறது. தயாளினி அங்கேதான் இருபது வருடத்துக்கு மேலாகத் தட்டச்சு செய்கிறாள். கல்யாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு அழைப்பு, செத்தவீட்டுக் கல்வெட்டு என்று சுற்றுவட்டார நல்லது கெட்டது எல்லாம் அவளுடைய விரல் வழியாகத்தான் ஊருக்குள் போகும். கல்வெட்டு என்றதும் வெளியூர்க்காரர் கல்லைத் தேடக்கூடாது. ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடுகிற சின்னப் புத்தகம் அது. செத்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, நாலு வெண்பா, பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். உயிரோடு இருந்த காலத்தில் அடுத்த வீட்டுக்காரனின் வேலியை வருடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்ட மனிதரையும், 'பிறர் பொருளுக்கு ஆசைப்படாத பெருந்தகை' என்று முகம் சுளிக்காமல் தயாளினி அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

அவள் அடிப்பது பாமினி எழுத்துருவில். இப்போது வருகிற பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க, கணினி அதைத் தமிழாக்கிக் கொடுக்கிறது. தயாளினிக்கு அந்த வித்தை சரிவராது. அவளுக்கு ஆங்கில விசை ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ் எழுத்து ஒளிந்திருக்கிறது. எது எங்கே என்பது விரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. 'ப' எங்கே இருக்கிறது என்று கேட்டால் நின்று யோசிப்பாள். அடி என்றால் கேட்டவர் வாய் மூடுமுன் அடித்து முடித்திருப்பாள்.

ஐம்பதுக்கு இன்னும் ஒரு வயது மிச்சம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்க ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கேட்பவர்களுக்கு அவள் சிரித்துவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்ப்பாள். பதில் அவளுடைய ஊரான சண்டிலிப்பாயில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பதிலின் பெயர் சாருஜா.

சாருஜா தயாளினியின் அக்கா குணலட்சுமியின் மகள். பாதை திறந்து, சண்டை நின்றிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில், நோர்வேயில் இருந்த கணவனிடம் குணலட்சுமி ஏஜென்சி மூலம் புறப்பட்டாள். எந்தெந்த நாட்டுக்குள்ளால், எந்தெந்தக் காட்டுக்குள்ளால் கொண்டுபோவான் என்று ஏஜென்சிக்காரனுக்கே தெரியாத பயணம். மூன்று வயதுப் பிள்ளையோடு அப்படிப் போக முடியுமா? "ஒரு வருசம் தயா, ஒரே ஒரு வருசம். கடதாசி சரிவந்த உடனை பிள்ளையைக் கூப்பிட்டிடுவம்" என்று அழுது போட்டு குணலட்சுமி போனாள். கடதாசி சரிவரப் பதினொரு வருடம் ஆனது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. வெளிநாட்டுக் கந்தோர்களுக்குப் பிள்ளை வளர்வது கண்ணில் படாது, அவ்வளவுதான்.

அந்தப் பதினொரு வருடமும் தயாளினிதான் தாய். பேன் பார்த்தது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது, சண்டையின் கடைசி வருடத்தில் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது எல்லாம் அவள்தான். கேட்டு வந்த சம்பந்தங்களுக்கு, "பிள்ளை போகட்டும், பிறகு பார்ப்பம்" என்று சொன்னவளும் அவள்தான். பிள்ளை பதினாலு வயதில் போனாள். பிறகு பார்க்க ஒருவரும் வரவில்லை.

போனவள் அவளுடைய சொந்தத் தாயிடம்தான் போனாள். அதில் பிழை சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. அதனால் தயாளினிக்குத் தன் துக்கத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடமும் இருக்கவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து தனியாகத் திரும்பி வந்த அன்று, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனிசி, "ஆரை அனுப்பிப் போட்டு வாறியள்?" என்று கேட்டாள். "அக்காவின்ரை மகளை" என்றாள் தயாளினி. சொன்னது உண்மை. ஆனால் அவளுக்கு அது பொய் போலப் பட்டது.

முதலில் கிழமைக்கு ஒருதரம் கதைத்தார்கள். பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு தைப்பொங்கல், தீபாவளி, பிறந்தநாள். கடைசியில் அதுவும் இல்லை, போனில் ஒரு கேக் படமும் ஒரு கட்டைவிரலும் வந்து போயின. தயாளினி தானாக ஒருநாளும் அழைத்ததில்லை. இது எங்கள் பக்கத்து வழக்கம், வெளியே சொன்னால் விளங்காது. வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் இங்கே போன் எடுக்க வேண்டும். இங்கிருந்து ஒருவர் எடுத்தால் இரண்டு அர்த்தம்தான்: ஒன்று, யாரோ செத்துப் போனார்கள், மற்றது, காசு தேவைப்படுகிறது. செத்துப்போக வீட்டில் வேறு ஆளில்லை. காசுக்கு எடுக்கிறாள் என்று சாருஜா ஒரு நொடி நினைத்தாலும் தயாளினி உயிரை விட்டுவிடுவாள். ஆகவே போன் வரும்வரை இருந்தாள். வராத நாட்களில் வேலை நேரம் என்றும், அங்கே பனி கொட்டுகிறது என்றும் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒருமுறை குணலட்சுமி பேச்சோடு பேச்சாக, "இஞ்சை எல்லாரும் லீவுக்கு ஊருக்குப் போகினம். நாங்கள் போய் என்ன செய்யிறது? அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றாள். கதைத்துக்கொண்டிருப்பது தன் சொந்தத் தங்கச்சியோடு என்பது அவளுக்கு அந்த நேரம் நினைவில் இல்லை. தயாளினி "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

போன கார்த்திகை மழைக்கு அறைக் கூரை ஒழுகியது. அலுமாரியை ஒதுக்கும்போது, பழைய சேலை ஒன்றில் சுற்றி வைத்திருந்த லாப்டொப் கையில் பட்டது. சண்டை முடிந்த பிறகு, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் நோர்வேயிலிருந்து சாருஜாவின் தகப்பன் கொடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கைப்பில் தாயும் மகளும் முகம் பார்த்துப் பழகியது அதில்தான். தூக்கினால் தோள் வலிக்கிற கறுத்தக் கட்டை. பற்றரி செத்துவிட்டது, ஆனால் சார்ஜரைக் குத்தியதும் ஒரு பெருமூச்சு விட்டு எழும்பியது. எழும்பி, வேறொன்றும் காட்டாமல், கறுத்தத் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிப் பாஸ்வேர்ட் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒழுங்கைப் பெடியள் வந்து கார் ஓட்டுகிற விளையாட்டு விளையாடிப் போட்டு, ஒருநாள் எதையோ அழித்தும் விட்டார்கள். கோபம் கொண்ட சாருஜா, ரியூசனில் படித்ததை வைத்து எங்கேயோ உள்ளே புகுந்து, மெசின் எழும்பும்போதே கேட்கிற மாதிரி ஒரு பூட்டைப் போட்டாள். பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. "உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியோணும், சின்னம்மா" என்றாள். இருவருக்கும் தெரிந்திருந்தது. இப்போது தயாளினிக்குத் தெரியவில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பிள்ளையார் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தாள். மூன்று தரம் பிழைத்ததும் மெசின் கீச்சென்று கத்திவிட்டுச் செத்தமாதிரி நின்றது. திரும்ப நிறுத்திப் போட்டால்தான் மறுபடி கேட்டது.

திரையைப் படம் எடுத்துச் சாருஜாவுக்கு அனுப்பினாள். "பாஸ்வேர்ட் மறந்து போச்சு. உனக்கு ஞாபகம் இருக்கோ?" என்று கீழே அடித்தாள். இத்தனை வருடத்தில் தயாளினி தானாக அனுப்பிய முதல் செய்தி அதுதான். செத்தவீடும் இல்லை, காசும் இல்லை. கேட்க ஓர் ஒழுங்கான கேள்வி இருந்தது. கேள்விக்கு ஒரு கட்டைவிரல் வரும் என்று நினைத்தாள்.

வந்தது குரல். "சின்னம்மா! கடவுளே, இதை இன்னும் வைச்சிருக்கிறியளோ? நில்லுங்கோ, நில்லுங்கோ, யோசிக்கிறன். என்ன வைச்சனாங்கள்? ஆ, ஆட்டுக்குட்டியின்ரை பேர் போட்டுப் பாருங்கோ. மூக்குத்தி! என்ரை கணக்குக் கொப்பியைத் திண்டது, நீங்கள் மாஸ்டரிட்டை வந்து சாட்சி சொன்னனீங்களெல்லோ?"

பின்னால் பனியில் நடக்கிற சத்தம். இருபத்தாறு வயதுப் பெண், மருந்துக்கடை வேலைக்குப் போகிற வழியில், மூக்குத்தி என்ற ஆட்டுக்குட்டியைச் சொல்லிச் சிரிக்கிறாள். தயாளினி அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். மூக்குத்தி என்று அடித்தும் பார்த்தாள். திறக்கவில்லை. "இல்லையாம் பிள்ளை" என்று அனுப்பினாள்.

அடுத்த நாளும் வந்தது. "அப்ப சைக்கிளின்ரை பேரோ? பெல் இல்லாத சைக்கிள், நாங்கள் ரெண்டு பேரும் வாயாலை பெல் அடிச்சுக்கொண்டு போறனாங்கள்." அதற்கடுத்த நாள் ரியூசன் மாஸ்டருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டம். பிறகு நல்லூரில் ஐஸ்கிறீம் விழுந்து அழுத கதை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கதை வந்தது. தயாளினியும் பதிலுக்குக் கதை சொன்னாள். இரண்டு மூன்று கிழமையில் அவர்கள் முந்தின ஐந்தாறு வருடத்துக்குச் சேர்த்துக் கதைத்துவிட்டார்கள். வேலையிடத்தில் ஒரு மனிசி சாருஜாமேல் எரிந்து விழுவது, தனியாக வீடு எடுத்து இருப்பது, மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பது எல்லாம் தயாளினிக்குத் தெரியவந்தது. தாய்க்குச் சொல்லாததையும் பிள்ளை சொன்னாள். அச்சகத்தில் முதலாளி, "என்ன தயாளினி, முகத்திலை வெளிச்சமாய்க் கிடக்கு?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

மார்கழியில் ஒருநாள் ஒரு கல்வெட்டு வந்தது. அளவெட்டிப் பக்கம் ஒரு கிழவி. பேரன் எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் குறிப்பை தயாளினி அடித்துக்கொண்டு போனாள். 'பசிக்குது என்று வந்து நின்றவரை எங்கள் அம்மம்மா ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை' என்ற இடத்தில் விரல்கள் முதல் சொல்லை அடித்துவிட்டு நின்றன. மூளைக்கு இன்னும் ஒன்றும் எட்டவில்லை. விரலுக்கு எட்டிவிட்டது. அந்தச் சொல்லை அந்த வேகத்தில், அந்த வரிசையில், ஒரு காலத்தில் நாள் தவறாமல் அடித்த விரல்கள்.

பசிக்குது. பள்ளிக்கூடம் விட்டு அச்சக வாசலில் சைக்கிளைச் சாத்தும்போதே பிள்ளை கத்துகிற சொல். சின்னம்மாவின் பக்கத்தில் குந்தியிருந்து பாமினி விசைகளைப் பழகிய பிள்ளை, பூட்டுப் போடும்போது அதைத்தான் தமிழாக நினைத்து ஆங்கில விசையில் அடித்தது. வேறு யாராவது பார்த்தால் விசைப்பலகையில் பூனை நடந்தது என்று நினைப்பார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, கைகால் கழுவாமல் லாப்டொப்பைப் போட்டாள். சொல்லை அடித்தாள். திறந்தது. இரட்டைப் பின்னலோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாருஜா திரையில் நின்றாள். தயாளினி சந்தோசத்தில் போனை எடுத்தாள். 'கிடைச்சிட்டுது' என்று அடித்தாள். அடித்துவிட்டு அனுப்பாமல் இருந்தாள்.

அனுப்பினால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். 'ஆ, சுப்பர் சின்னம்மா' என்று ஒன்று வரும், பக்கத்தில் ஒரு கட்டைவிரல். பிறகு கேட்க ஒன்றும் இராது, சொல்லவும் ஒன்றும் இராது. அடுத்த குரல் தைப்பொங்கலுக்கு வந்தாலும் வரும். அவளுக்கு லாப்டொப்பில் இருக்கிற ஒரு படமும் வேண்டாம். அந்தப் பிள்ளையின் குரல் வேண்டும். அவள் அடித்ததை அழித்தாள். லாப்டொப்பை நிறுத்தி மூடினாள். "இண்டைக்கும் சரிவரேல்லை" என்று அனுப்பினாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் பாடு பெரும்பாடு. தயாளினி அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். சாருஜா சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் உண்மையாகவே மெசினில் போட்டுப் பார்ப்பாள். அது திறக்காது. "சரிவரேல்லை" என்று எழுதுவாள். எழுதியது அப்படியே உண்மை. கல்வளைப் பிள்ளையார் அதற்கு மேல் துருவிக் கேட்கமாட்டார் என்று நம்பினாள்.

ஒருநாள் ஆபத்து மிகக் கிட்ட வந்தது. "சின்னம்மா, நான் பள்ளிக்கூடத்தாலை வந்த உடனை ஒண்டு சொல்லுறனானெல்லோ? அதாய் இருக்குமோ?" அடுத்த குரல் வரும்வரை தயாளினி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது: "ஆ! 'சப்பாத்து கடிக்குது'. அதைப் போட்டுப் பாருங்கோ." தயாளினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளை ஒருநாளும் சப்பாத்து கடிக்குது என்று சொன்னதில்லை. ஆனாலும் போட்டுப் பார்த்தாள்.

இந்தச் சீரில் போயிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. குணலட்சுமிக்குக் கதை எட்டியது. குணலட்சுமி நல்லவள். ஆனால் ஒரு சிக்கலைக் கண்டால் அன்றைக்கே அவிழ்த்துவிட வேண்டும் அவளுக்கு.

"என்னடி தயா, பிள்ளையைப் போட்டு அரிச்சுக்கொண்டு இருக்கிறியாம்? வேலைக்குப் போற பிள்ளை. உந்தப் பழைய சாமானுக்கு உவ்வளவு பாடோ?"

"அரிக்கேல்லை அக்கா. சும்மா கேட்டனான்."

"திருநெல்வேலியிலை நிருஷன் எண்டு ஒரு பெடியன் கொம்பியூட்டர் திருத்துற கடை வைச்சிருக்கிறான். எங்கடை இவருக்குச் சொந்தம். நான் எல்லாம் கதைச்சிட்டன். பாஸ்வேர்டை அழிச்சுத் தருவானாம், பத்து நிமிச வேலையாம். வியாழக்கிழமை கொண்டு போ. சாருவுக்கும் சொல்லிப்போட்டன், இனி யோசிக்காதை எண்டு."

இனி யோசிக்காதை. தயாளினிக்கு அந்தச் சொல் குத்தியது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உண்மைக் காரணத்தை அக்காவிடம் சொல்ல முடியாது. உன் மகளின் குரல் கேட்க ஆசையாய் இருக்கிறது என்று, வளர்த்தவள் பெற்றவளிடம் எப்படிச் சொல்வாள்? புதனன்று சாருஜாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முடிந்தது என்று தயாளினி நினைத்தாள். அன்று அச்சகத்தில் ஒரு கல்யாணக் காட்டில் மாப்பிள்ளையின் பெயரையும் தகப்பனின் பெயரையும் மாற்றி அடித்துவிட்டாள்.

வியாழன் பின்னேரம் அரைநாள் லீவு போட்டு, லாப்டொப்பைத் துணிப்பையில் வைத்து, யாழ்ப்பாணம் போய், பலாலி வீதிப் பஸ் ஏறித் திருநெல்வேலிச் சந்தியில் இறங்கினாள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் போட்டோப்பிரதி எடுக்கிற கடைகளுக்கு நடுவில் நிருஷனின் கடை இருந்தது. முப்பது வயது இருக்கும். மேசை முழுக்கத் திறந்து கிடந்த மெசின்கள்.

"வாங்கோ அன்ரி. குணலட்சுமி அன்ரி சொன்னவ. இருங்கோ."

அவன் லாப்டொப்பை வாங்கினான். முன்னும் பின்னும் ஒருதரம் திருப்பினான். ஒரு ஆணியும் கழற்றவில்லை. அவள் முகத்தைப் பாராமல், "இது ஏலாது அன்ரி" என்றான்.

"ஏலாதோ?"

"பழைய மொடல். உந்தப் பூட்டு போர்டோடை சேர்ந்தது. அழிக்கப் போனா மெசினே போயிடும். பேசாமல் வீட்டை கொண்டு போங்கோ."

தயாளினி எழும்பிவிட்டாள். "நல்லது தம்பி! கனக்க நன்றி. நான் கொண்டு போறன்" என்று லாப்டொப்பைப் பிள்ளையைத் தூக்குவது போல வாரி எடுத்தாள். முகம் மலர்ந்துபோய் இருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

நிருஷன் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஏலாது என்று சொன்னால் ஆட்கள் ஏசுவார்கள், கெஞ்சுவார்கள், வேறு கடைக்குப் போவதாக வெருட்டுவார்கள். நன்றி சொன்ன முதல் ஆள் இவள்தான்.

"அன்ரி, நில்லுங்கோ. உங்களுக்கு உது திறக்கத் தேவையில்லையோ?"

தயாளினி லாப்டொப்பைத் துணிப்பைக்குள் வைத்தாள்.

"உங்களுக்குப் பாஸ்வேர்ட் தெரியுமோ?"

தயாளினிக்கு முகம் சிவந்தது. பொய் அவளுக்கு இனியும் வரவில்லை. "ஓம் தம்பி" என்றாள். "மார்கழியிலையே ஞாபகம் வந்திட்டுது. அக்காட்டைச் சொல்லிப் போடாதேங்கோ."

நிருஷன் வாய்விட்டுச் சிரித்தான். "என்ன, ரெண்டு பேரும் சேந்து என்னை விசராக்கிறியளோ? நேற்று உங்கடை பெறாமகள் நோர்வேயாலை எடுத்தவ. 'சின்னம்மா கொண்டு வருவா அண்ணை, கழட்டாதேங்கோ, ஏலாது எண்டு சொல்லிக் குடுத்து விடுங்கோ' எண்டு கெஞ்சினவ. களவெடுத்த மெசினோ எண்டு எனக்குச் சந்தேகம். ஆற்றை மெசின், எப்பிடி நம்புறது எண்டு கேட்டன். பாஸ்வேர்டையே சொல்லிப் போட்டா. தமிழிலை பசிக்குது எண்டு அடிக்கிற மாதிரி அடிக்கோணுமாம்."

தயாளினி திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டாள். "அவளுக்கு எப்ப தொடக்கம் தெரியுமாம்?"

"முதல் நாளே தெரியுமாம். நீங்கள் அனுப்பின படத்தைக் கண்ட உடனையே."

மூக்குத்தியும் சைக்கிளும் ஐஸ்கிறீமும் சப்பாத்தும் எல்லாம் தெரிந்துகொண்டு சொன்னவை. தயாளினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து நெஞ்சில் முட்டின. "பின்னை ஏனாம் தம்பி உப்பிடிச் செய்தவள்?"

நிருஷன் மேசையில் கிடந்த ஆணி ஒன்றை எடுத்து அதன் டப்பாவுக்குள் போட்டான். "கேட்டனான் அன்ரி. 'சொன்னா சின்னம்மா திறந்திடுவா, பிறகு என்னோடை கதைக்க மாட்டா. இவ்வளவு காலத்திலை அவவா ஒருநாளும் எனக்கு எடுத்ததில்லை. என்னை அனுப்பினதோடை விட்டிட்டா எண்டு நினைச்சிருந்தனான்' எண்டு சொன்னவ."

கடைக்கு வெளியே பலாலி வீதியில் பஸ் ஒன்று கோண் அடித்துக்கொண்டு போனது. தயாளினி தண்ணீர் கேட்டாள். நிருஷன் போத்தலைக் கொடுத்தான். அவள் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிள்ளைக்குத் தொந்தரவாய் இருக்கக்கூடாது, தாயோடு ஒட்டட்டும், காசுக்கு எடுக்கிறாள் என்று ஒரு சொல் வரக்கூடாது என்று பன்னிரண்டு வருடமாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அந்தப் பக்கம் பிள்ளை, சின்னம்மா என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று இருந்திருக்கிறது. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு இங்கத்தைய வழக்கத்தை யார் சொல்லிக் கொடுப்பார்கள்? சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவள் தானேதான் என்று நினைத்தபோது தயாளினிக்குத் தன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வரும்போது பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் லாப்டொப். மானிப்பாய் தாண்டும்போது போன் அதிர்ந்தது. "என்னவாம் சின்னம்மா? திறந்திட்டினமோ?" என்று சாருஜா எழுதியிருந்தாள். ஏலாதாம் என்று எழுதினால் போதும். நாளைக்கு இன்னொரு பெயர் வரும், இன்னொரு கதை வரும். இருவரும் தெரியாத மாதிரியே இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். தயாளினி 'ஏலாதாம்' என்று அடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சண்டிலிப்பாயில் இறங்கும்வரை அனுப்பவில்லை.

பஸ் போன பிறகு, வீதியோர மதகடியில் நின்று அந்தச் சொல்லை அழித்தாள். பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற போன் படத்தை அமத்தினாள். அவள் இதுவரை அதைத் தொட்டதேயில்லை. அங்கே மணி அடிக்கிற சத்தம் கேட்டது. வேலை நேரம், எடுக்கமாட்டாள், வைத்துவிடுவோமா என்று நினைப்பதற்குள் சாருஜா எடுத்துவிட்டாள்.

"சின்னம்மா? என்ன, என்ன நடந்தது? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை பிள்ளை."

"பின்னை? லாப்டொப் உடைஞ்சு போச்சோ?"

"லாப்டொப் கிடக்கட்டும்" என்றாள் தயாளினி. குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "உன்னோடை கதைக்கோணும் போலை இருந்தது சாரு. அதுதான் எடுத்தனான். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் இருக்கிறது."

அந்தப் பக்கம் யாரோ நோர்வே மொழியில் ஏதோ கேட்டார்கள். சாருஜா அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.

"சின்னம்மா, வைச்சிடாதேங்கோ" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "நான் வெளியிலை வாறன். ஒரு நிமிசம். வைச்சிடாதேங்கோ என்ன."

"இல்லையடா, வைக்கேல்லை. நீ ஆறுதலாய் வா."

அங்கே ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தயாளினி பையைக் கீழே வைத்துவிட்டு, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி மதகில் உட்கார்ந்தாள்.